கரிசல் நாயும் கண்காட்சிக் கோப்பையும்

மனிதர்களுக்குப் பிடிக்கும் பைத்தியங்களில் பல தினுசு உண்டு. தபால் தலை சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய நாணயத்துக்காகச் சந்தை சந்தையாகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோஜாச் செடிக்குக் குடை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் சாதுவான பைத்தியங்கள். தபால் தலை பசிக்கிறதென்று நடுநிசியில் குரைப்பதில்லை. நாணயத்துக்கு வயிற்றுப்போக்கு வருவதில்லை. ஆனால் ஜாதி நாய் வளர்த்து, அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், நாலு பேர் அறிய நடுவரின் முன்னால் நிறுத்திப் பரிசு வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அது ஒருவரைப் பிடித்தால் அவரோடு நிற்பதில்லை. குடும்பம் முழுவதையும் பிடித்து ஆட்டிவிடுகிறது.

இந்தப் பொழுதுபோக்கு சீமைக்காரர்களுக்கும், நீலகிரியில் பங்களா வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது என்று நம்மவர்கள் நினைத்திருந்த காலம் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமிக்கும் நாய்க் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் மிகவும் நெருங்கியது. பாரத தேசத்து நாய் ஜாதிகள் என்று விஷயம் அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்போது, அந்த விரல்களில் இரண்டு மூன்று இந்த வறண்ட சீமைக்கே சொந்தமானவை.

கரிசல் செதுக்கிய உருவம்

விருதுநகரிலிருந்து மானாமதுரை செல்லும் ரயிலில் ஏறி, அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி வரையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் இந்தச் சீமையின் இயல்பு ஒருவாறு விளங்கிவிடும். வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. நீர் வற்றிய கண்மாய். சீமைக் கருவேல முட்புதர். இடையிடையே செம்மறி ஆட்டுக் கிடை. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் வருஷத்தில் சொற்பம். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கம்பும் சோளமும் பருத்தியும் சேர்ந்து ஏமாற்றிவிடும்.

இப்படிப்பட்ட பூமியில் உட்கார்ந்து தின்னும் நாயை வளர்க்க யாருக்கும் வசதி இருந்ததில்லை. கூழையும் மோரையும் குடித்துவிட்டு, உச்சி வெயிலில் களைக்காமல், வெட்டவெளியில் முயலைத் துரத்திப் பிடிக்கக்கூடிய நாய்தான் வேண்டியிருந்தது. இரவிலே அதே நாய் கிடையையும் களத்து மேட்டையும் காவல் காக்க வேண்டும். அடர்ந்த காட்டில் வேட்டையாடும் நாய்க்கு மூக்கு முக்கியம். மரமில்லாத சமவெளியில் வேட்டையாடும் நாய்க்குக் கண்ணும் காலுமே முக்கியம். ஆகவே தலைமுறை தலைமுறையாக ஓடத் தெரிந்ததை வைத்துக்கொண்டு ஓடாததை ஒதுக்கிய குடியானவர்கள், தாங்கள் அறியாமலேயே ஓர் உருவத்தைச் செதுக்கிவிட்டார்கள். நீண்டு கூர்ந்த முகம், ஆழ்ந்த மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு, மெல்லிய நீண்ட கால், சாட்டையைப் போன்ற வால் ஆகியவையே அதன் அங்க லட்சணங்கள்.

இந்த ஜாதிக்கு விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் கிராமத்தின் பெயரே நிலைத்துவிட்டது. சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் கருத்த உடலும், கால்களிலும் கண்ணுக்கு மேலும் பழுப்பு நிறமும் கொண்ட நாயைக் ‘கன்னி’ என்பார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்பியதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். மேற்கே மலையடிவாரத்தில் இராஜபாளையம் இருக்கிறது. அந்த ஊர் நாய் உருவத்தில் பெரியது. பால் போன்ற வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இன்னும் வடமேற்கே போனால் தேனி மாவட்டத்துக் கோம்பை நாய்.

பாளையக்காரர் காலத்திலிருந்து வந்த இந்த நாய்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு சங்கடம் நேர்ந்தது. 1972-ம் வருஷத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வேட்டை குற்றமாயிற்று. அது நியாயமான சட்டம். மானும் முயலும் பிழைக்க வேண்டாமா? ஆனால் வேட்டை போனதும் வேட்டை நாய்க்கு உத்தியோகம் போயிற்று. உத்தியோகம் போன நாயை ஏழைக் குடியானவன் எத்தனை நாள் வைத்துப் போஷிப்பான்? பட்டணத்து வீடுகளிலோ அல்சேஷனுக்கும் பொமரேனியனுக்கும் இருந்த மதிப்பு இவற்றுக்கு இல்லை. அந்த நிலையில் நாட்டு நாய்களுக்குத் திறந்த சில கதவுகளில் கண்காட்சி மைதானத்தின் கதவும் ஒன்று.

துப்பாக்கி பரிசான கதை

நாய்க் கண்காட்சி என்ற ஏற்பாடு பிறந்தது இங்கிலாந்தில். 1859-ம் வருஷம் ஜூன் மாதம் நியூகாஸில் நகரத்தில், பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டும் போட்டி நடத்தினார்கள். வந்த நாய்கள் சுமார் 60. பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! துப்பாக்கி செய்யும் வியாபாரி ஒருவர் உபகரித்தது. அதைவிட வேடிக்கை, பாயிண்டருக்கு நடுவராக இருந்த ஒருவரின் நாய் செட்டர் போட்டியிலும், செட்டருக்கு நடுவராக இருந்த ஒருவரின் நாய் பாயிண்டர் போட்டியிலும் முதலாவதாக வந்ததுதான். “நடுவர் பாரபட்சம் செய்தார்” என்ற முணுமுணுப்புக்குக் கண்காட்சியின் வயதே ஆகிறது என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இப்படிப்பட்ட குழப்பங்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டுமென்று 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. 1891-ல் சார்லஸ் கிரஃப்ட் என்பவர் தம் பெயரால் தொடங்கிய கண்காட்சி இன்று உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. வெள்ளைக்காரர்கள் கோடைக்கு மலையேறியபோது இந்தப் பழக்கமும் அவர்களோடு மலையேறிற்று. உதகமண்டலத்தில் தென்னிந்திய கென்னல் கிளப்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கண்காட்சி இன்றைக்கும் கோடை விழாவின் ஓர் அங்கமாக மே மாதத்தில் நடந்து வருகிறது. கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் கோடை விழாக்களில் நாய்களுக்குப் போட்டி உண்டு. அகில இந்திய அமைப்பான கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் தலைமைக் காரியாலயமே சென்னையில்தான் இருக்கிறது.

போட்டியின் முறை சிக்கலானதல்ல. ஒவ்வொரு ஜாதிக்கும் ‘லட்சணக் குறிப்பு’ ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். உயரம் எவ்வளவு, தலை எப்படி, காது எப்படி, நிறம் எது, நடை எது என்று அதில் கண்டிருக்கும். ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் நடுவர் ஒவ்வொன்றையும் அந்தக் குறிப்போடுதான் ஒப்பிட வேண்டும். குட்டி, இளசு, வளர்ந்தது என்று வயதுவாரியாகவும், ஆண், பெட்டை என்றும் பிரித்துத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த ஜாதியிலே சிறந்தது. பிறகு பல ஜாதிகள் சேர்ந்த பிரிவிலே சிறந்தது. கடைசியில் கண்காட்சி முழுவதிலும் சிறந்தது. பல கண்காட்சிகளில், வெவ்வேறு நடுவர்களிடம் தகுதிப் பத்திரம் பெற்ற நாய்க்குச் ‘சாம்பியன்’ பட்டம். நமது சங்கீத வித்வான்களுக்குச் சபைக்குச் சபை சோதனை இருப்பதுபோலத்தான்.

ஏற்றம்

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சிப்பிப்பாறைக் குட்டியை வாங்கி இந்தத் துறையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம் நிறைந்த குட்டி வீட்டுக்கு வருகிறது. முதல் மாதம் மிருக வைத்தியர் வீட்டுக்கு நடை. டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் தடுப்பூசி. பின்னர் வெறிநோய்க்குத் தடுப்பூசி. குடற் பூச்சிக்கு மருந்து. அதற்குப் பிறகு கல்வி. கழுத்துப்பட்டையோடு சீராக நடக்க வேண்டும். நாலு காலையும் சமமாக ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அந்நியர் வந்து வாயைத் திறந்து பல்லை எண்ணினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் பிரம்மப் பிரயத்தனம். சிப்பிப்பாறை ஓர் எஜமானனையே அறிந்த நாய் என்பார்கள். அந்நியர் கைபட்டால் விலகும், மிஞ்சினால் உறுமும். களத்து மேட்டில் அது குணம். கண்காட்சி மைதானத்தில் அதுவே குற்றம். ஆகையால் குட்டியைச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அழைத்துப்போய்க் கூட்டத்துக்குப் பழக்குகிறார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம், “ஐயா, காபி சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் எங்கள் நாயின் பல்லைப் பார்த்துவிடுங்கள்” என்று வேண்டிக்கொள்கிறார்கள். “நாய்க்குப் போடுகிற முட்டையில் பாதியைப் பிள்ளைகளுக்குப் போட்டால் என்ன?” என்று முதலில் கேட்ட வீட்டு அம்மாள், ஆறு மாதத்தில் தன் கையாலேயே அதற்குத் தலை தடவிச் சோறு பிசைந்து வைக்கிறாள்.

அப்புறம் யாத்திரை. ரயிலென்றால் கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டி. அதற்கு மனம் வராதவர்கள் வாடகைக் காரில் போகிறார்கள். மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி, ஏழாயிரம் அடி உயரத்தில் போய் இறங்கினால், ரோமம் குறைந்த நமது கரிசல் நாய் வெடவெடவென்று நடுங்குகிறது. பக்கத்தில் சடைசடையாக ரோமம் தொங்கும் சீமை நாய் மாமியார் வீட்டுக்கு வந்ததைப்போல் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. அதே சீமை நாய் நம் ஊர் வெயிலில் படும் அவஸ்தையை நினைத்துப் பார்த்தால், எந்த நாய் எந்தத் தேசத்துக்கு ஏற்றது என்பதற்குத் தனியாக உபந்நியாசம் வேண்டியதில்லை.

நாய் வளையத்துக்குள் வருகிறது. நடுவர் கையை ஆட்டுகிறார். நாய் ஓடுகிறது. அதுவரையில் ஒடுங்கி நின்ற பிராணியின் உடம்பில் பாட்டன் பூட்டன் காலத்து ஓட்டம் புகுந்துகொள்கிறது. சுற்றி நின்ற ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, “இது என்ன ஜாதி? எந்த ஊர்?” என்று கேட்கிறார்கள். சீமைப் பெயர்களையே கேட்டுப் பழகிய இடத்தில், “சிப்பிப்பாறை, எங்கள் மாவட்டத்துக் கிராமம்” என்று பதில் சொல்லும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஒரு வருஷச் சிரமத்தைச் சகிக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. வளையத்துக்குள் மில் முதலாளியின் நாயும் குடியானவரின் நாயும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு பெருமை.

இறக்கம்

ஏற்றத்தைச் சொன்னவன் இறக்கத்தையும் சொல்ல வேண்டும். முதலாவது, பணம். பரிசு பெரும்பாலும் ரிப்பனும் கோப்பையும்தான். நுழைவுக் கட்டணம், பிரயாணம், ஹோட்டல், வைத்தியம், தீனி இவற்றைக் கூட்டினால் அந்தக் கோப்பையை வெள்ளியில் செய்து வாங்கியிருக்கலாம். குட்டி விற்று லாபம் பார்க்கலாம் என்று இறங்கியவர்களில் பலர் சீக்கிரம் கரையேறிவிடுகிறார்கள். அல்லது நாயைப் பாழாக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, பத்திரம். ஜாதி நாய் என்று பதிவு செய்ய வம்சாவளி எழுத்தில் இருக்க வேண்டும். அடையாளத்துக்கு நாயின் தோலுக்கடியில் அரிசிமணி போன்ற மின்னணுச் சில்லு ஒன்று செலுத்தப்பட வேண்டும். கிராமத்துப் பெரியவரோ, பங்காளி வழியைச் சொல்வதுபோலவே நாயின் தாய், தந்தை, பாட்டி, பாட்டன் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். “இதன் தாய்க்கிழவி எங்கள் மாமன் வீட்டுச் சாம்பல் பெட்டை” என்பார். அவர் சொல்வது சத்தியமாகவே இருக்கலாம். ஆனால் மனப்பாடம் பத்திரமாகாது. இதனாலேயே நல்ல நாய்கள் எத்தனையோ பட்டிக்காட்டிலேயே இருந்து, கணக்கில் ஏறாமலே மறைந்துபோகின்றன.

மூன்றாவது, நடுவரின் கண். இரண்டு கண்காட்சிகளை அடுத்தடுத்து நடத்துவது வழக்கம். முதற் கண்காட்சியில் முதலாவதாக நின்ற நாய், அடுத்ததில் வேறொரு நடுவரின் முன்னால் கடைசியில் நிற்கும். இடையில் நாய் மாறவில்லை; கண் மாறிற்று. இதைத் தாங்கும் மனம் இல்லாதவர்கள், வீட்டுக்கு வந்து பேசாத பிராணியின்மேல் கோபத்தைக் காட்டுகிறார்கள். தோற்ற நாயைக் கைமாற்றிவிடுகிறவர்களும் உண்டு. அதற்குத் தோற்றது தெரியுமா? எஜமானன் முகம் வாடியிருப்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

வெள்ளை நிறத்தின் விலை

இவையெல்லாம் மனிதருக்கு ஏற்படும் நஷ்டங்கள். நாய்க்கு ஏற்படும் நஷ்டம் வேறொன்று உண்டு. அதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

இராஜபாளையத்து நாய் என்றால் தூய வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு மோகம் ஏற்பட்டது. ஒரே ஈற்றில் கறுப்பும் பழுப்பும் மறையும் விழுவது இயற்கை. அவற்றையெல்லாம் ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். பலன் என்னவாயிற்று? செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்செவிக்கும் வேண்டியவை. அவை உட்செவியில் இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய உறுப்புகள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகின்றன. டால்மேஷன் முதலிய சீமை ஜாதிகளிலும் இதே கதைதான். காவல் காப்பதற்கென்று வளர்த்த நாய்க்குக் காது கேளாமற்போனால், அதன் வெள்ளை நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சீமையிலும் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டே படித்தார்கள். தட்டை மூக்குக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்து, மூச்சுவிடத் திணறும் நாய்களை உண்டாக்கினார்கள். 2008-ல் பி.பி.சி. தொலைக்காட்சி இந்தக் கொடுமைகளைப் படம் பிடித்துக் காட்டியது. 2009-ல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்புவதையே அது நிறுத்திக்கொண்டது. லண்டன் கென்னல் கிளப்பும் தனது லட்சணக் குறிப்புகள் பலவற்றை ஆரோக்கியத்தை முன்னிட்டுத் திருத்தியது. நூற்றைம்பது வருஷம் கண்காட்சி நடத்தியவர்களே திருத்திக்கொண்டபோது, அவர்கள் விட்ட பிழையை நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

கரிசல் குடியானவன் நிறத்தைப் பார்த்து நாயைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஓட்டத்தைப் பார்த்தான், துணிவைப் பார்த்தான். வேட்டைதான் அவனுக்கு நடுவர். அந்த நடுவர் போய்விட்ட பிறகு, அவருடைய ஸ்தானத்தில் கண்காட்சி நடுவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதற்குப் பரிசு கொடுக்கிறாரோ, அதுவாகவே நாய் ஆகும். ஓடும் காலுக்கும், கேட்கும் காதுக்கும், கலங்காத குணத்துக்கும் கொடுத்தால் ஜாதி பிழைக்கும். நிறத்துக்கும் பகட்டுக்கும் கொடுத்தால், பெயர் மட்டும் மிஞ்சும்.

யாருக்காகப் பரிசு?

நமது தேசத்தார் இந்த விஷயத்தில் முற்றும் உறங்கிவிடவில்லை. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் கால்நடைப் பராமரிப்புத் துறையார் சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென்று ஓர் இனப்பெருக்க நிலையம் 1980-களில் ஏற்படுத்தினார்கள். 2005-ல் இந்தியத் தபால் இலாகா நான்கு சுதேசி நாய்களின் படத்தைத் தபால் தலையில் வெளியிட்டபோது, இராஜபாளையம் அவற்றில் ஒன்று. 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாத வானொலி உரையில் பிரதம மந்திரி நரேந்திர மோடி, நாய் வளர்க்க விரும்புகிறவர்கள் இந்திய ஜாதிகளையே வளர்க்க வேண்டுமென்று சொல்லி, இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதை ஒட்டிய ஆண்டுகளில் கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகமும் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி பதிவு செய்தது.

பெருமை வந்தால் கூடவே வியாபாரமும் வரும். அதற்கு ஒரு வரம்பு கட்ட, 2017-ல் மத்திய அரசாங்கம் நாய் இனப்பெருக்க விதிகளை வெளியிட்டது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி வாங்கப் போகும் நேயர்கள் இந்த மூன்றையும் மனத்தில் பதித்துக்கொண்டு, தாய் நாயையும் நேரில் பார்த்து, குட்டியின் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்ப்பது நல்லது. திரும்பிப் பார்க்கும் குட்டிக்குக் காது இருக்கிறது என்று ஒருவாறு தெரிந்துகொள்ளலாம். சந்தேகமானால் மிருக வைத்தியர் இருக்கிறார். ஓட இடமில்லாத மாடி வீட்டில் குடியிருப்பவர்கள், சிப்பிப்பாறையை வாங்கிக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்யாமல், கண்காட்சிக்குப் போய் வேடிக்கை பார்த்துத் திருப்தி அடையலாம். அதுவும் ஒரு சேவைதான்.

திருச்சுழி என்றதும் தமிழர்களுக்கு நாய் நினைவுக்கு வராது. 1879-ல் அங்கே அவதரித்த ரமண மகரிஷிதான் நினைவுக்கு வருவார். ஆனால் அவருடைய திருவண்ணாமலை ஆசிரமத்துக்குப் போனவர்கள், பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில் ஜாக்கி என்ற நாயின் சமாதியையும் பார்த்திருப்பார்கள். மகரிஷி எந்தப் பிராணியையும் ‘அது’ என்று சொல்லமாட்டார். ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார். ஜாக்கி என்ன ஜாதி, உயரம் எத்தனை அங்குலம் என்று யாரும் அங்கே கேட்பதில்லை.

கண்காட்சிக்குப் போகிறவர்கள் அங்குலத்தையும் கேட்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஜாதி நிலைக்காது. கோப்பை கிடைத்தால் அலமாரியில் வைத்து மகிழட்டும். கிடைக்காவிட்டால், மலையிறங்கி வீட்டுக்கு வந்ததும் நாயைக் கரிசல் காட்டில் அவிழ்த்துவிட்டு, அது ஓடுவதை ஒருமுறை பார்க்கட்டும். முயல் வேண்டாம், வெறும் ஓட்டம் போதும். அந்த ஓட்டம் அடுத்த தலைமுறைக் குட்டியிடமும் இருக்குமானால், அந்தக் குடும்பம் தோற்கவில்லை.